‘ஸ்கைரிம்’: குணமும் குற்றமும்

(தோட்டக் கிராணி ஒருவன்)

இலக்கியப் பகுதியில் விளையாட்டைப் பற்றி எழுதலாமா என்று நேயர்களில் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஒரு காலத்தில் கூத்து இவ்வாறே இகழப்பட்டது. அதன்பின் நாடகம் இகழப்பட்டது. பின்னர்ச் சினிமாவும் அவ்விகழ்ச்சிக்கு ஆளாயிற்று. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் நள்ளிரவு வரை கண்விழித்து ஆடும் கணினி ஆட்டங்களின் முறை வந்திருக்கின்றது. இகழ்ச்சி ஆராய்ச்சி ஆகாது. உலகில் கோடிக்கணக்கான மக்கள் தங்கள் ஓய்வுநேரத்தை ஒரு பொருளுக்கு ஒப்படைப்பாராயின், அப்பொருள் அவர்களுக்கு எதைக் கொடுக்கின்றது, எதைக் கொடுக்கத் தவறுகின்றது என்று கேட்பது பேனா பிடித்தவன் கடமையாகும்.

நான் எடுத்துக்கொண்ட ஆட்டத்தின் பெயர் ‘ஸ்கைரிம்’. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்னும் வரிசையில் ஐந்தாவதாக, 2011ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் இது வெளிவந்தது. அமெரிக்காவிலுள்ள பெதஸ்டா என்னும் நிறுவனத்தார் டாட் ஹாவர்ட் என்பாரின் தலைமையில் இதனை ஆக்கினர். 6 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதென 2023இல் ஹாவர்டே கூறினார். இவ்வளவு பேர் வாங்கிய நூல்கள் உலகில் எத்தனை இருக்கும்?

இதை நான் முதன்முதல் கண்டது என் தமையனார் மகனுடைய அறையில். பகலெல்லாம் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து இரவில் பனிமலை ஏறிக்கொண்டிருந்தான். கண்டிக்கப் போன நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டேன். பிறகு பல வாரம் நானே ஆடினேன். ஆகவே, பின்வருவன கேள்விப்பட்டு எழுதியவை அல்ல. ஆடிப் பார்த்து எழுதியவை.

கதைச் சுருக்கம்

இவ்வகை ஆட்டத்தில் ஆடுவோன் ஒரு பாத்திரத்தின் வேடம் பூண்டு கதைக்குள் புகுகின்றான். பத்து இனங்களுள் ஒன்றில் தன் பாத்திரத்தைப் படைத்துக்கொள்ளலாம். நூலைப் போல முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வழியிற் செல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு நாடு முழுவதும் அவன் முன் விரிந்து கிடக்கும்; எத்திசையும் செல்லலாம். திறந்த உலகம் என்று இதனைத்தான் சொல்கின்றனர்.

கதை ஒரு வண்டியில் தொடங்குகின்றது. கைகள் கட்டப்பட்ட கைதியாக நாம் கொலைக்களத்திற்குக் கொண்டுபோகப்படுகின்றோம். என்ன குற்றம் செய்தோமென்று சொல்வாரில்லை. தலையை வெட்டுமரத்தில் வைத்த நொடியில் வானத்திலிருந்து ஆல்டுயின் என்னும் பறவைநாகம் இறங்கி ஊரை எரிக்கின்றது. குழப்பத்தில் தப்பி ஓடுகின்றோம். பின்னர், நாகத்தின் ஆன்மாவை உடலில் தாங்கிப் பிறந்த அரிய மனிதன் நாமே என்பது தெரியவருகின்றது. ஆல்டுயினை ஒழிப்பது முதன்மைக் கதை. அதற்கு இணையாக, பேரரசின் படைக்கும் உல்பிரிக் என்னும் தலைவனைப் பின்பற்றும் நார்டு இனக் கலகக்காரருக்கும் உள்நாட்டுப் போர் நடக்கின்றது. மனிதனாயிருந்து தெய்வமாக உயர்த்தப்பட்ட டாலோஸ் என்பானை வணங்கலாகாதென்ற தடை அப்போருக்கு ஒரு காரணம்.

போற்றத்தக்கவை

முதலாவது, நிலம். இந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர் என்பர். கணக்கெழுதும் தொழிலினனாகையால் அதை ஏக்கரில் மாற்றிப் பார்த்தேன்: ஒன்பதாயிரத்துச் சொச்சம்! ஒரு பெருந்தோட்டத்தின் அளவுதான். எனினும் ஆடுவோன் கண்ணுக்கு அஃது ஒரு பேரரசின் மாநிலமாகவே தோன்றுகின்றது. மலை குறுக்கிட்டு அடுத்த பள்ளத்தாக்கை மறைக்கின்றது, பாதை நேரே செல்லாமல் வளைந்து ஏறுகின்றது, பனி திரையிடுகின்றது, திரை விலகும்போது தொலைவில் ஓர் இடிந்த கோபுரம் நிற்கின்றது. அக்கோபுரம் வெறும் சித்திரம் அன்று. நடந்தால் அதை அடையலாம். அடைந்தால் அதனுள்ளே ஒரு கதை இருக்கும். கண்ட இடத்திற்குக் கால் செல்லும் என்ற உறுதியை ஆடுவோனுக்கு அளித்ததே இவ்வாட்டத்தின் தலையாய வெற்றி. உலகின் கூரை எனத்தக்க பெருமலைமேல் துறவியர் மடம் ஒன்றிருக்கின்றது. அதற்கு 7,000 படி என்று பெயர்; எண்ணினால் அவ்வளவு தேறாது. ஆயினும் ஏறி முடித்தவன் ஏழாயிரமும் ஏறியதாகவே உணர்கின்றான்.

இரண்டாவது, பயிற்சியின் மேன்மை. பதினெட்டு வகைத் திறமைகள் இவ்வாட்டத்தில் உண்டு. வாளெடுத்தவனுக்கு வாள் வசப்படும். கொல்லுலையில் உழைத்தவன் நல்ல கொல்லனாவான். பூட்டைத் திறந்து பழகியவனுக்குப் பூட்டு இளகும். எதைச் செய்கின்றோமோ அதில் தேர்கின்றோம். குலத்தொழிலும் இல்லை, யாருடைய அனுமதிச் சீட்டும் வேண்டா. உழைப்பே கல்வி என்ற உண்மையை இதைவிட எளிதாக ஒரு சிறுவனுக்கு உணர்த்த இயலாது.

மூன்றாவது, கல்வி வளம். நூற்றுக்கணக்கான சிறு நூல்கள் வீடுகளிலும் குகைகளிலும் கிடக்கின்றன. எடுத்துப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். ஒரே நிகழ்ச்சியை வென்றவர் ஒருவகையாகவும் தோற்றவர் வேறுவகையாகவும் எழுதி வைத்திருக்கின்றனர். வரலாற்றை எவர் எழுதினார் என்று பார்த்தே அதை நம்பவேண்டும் என்ற பாடம் அதில் இருக்கின்றது. நாகங்களுக்கென ஒரு மொழியும், நகத்தாற் கீறியவை போன்ற எழுத்துகளும் புனைந்திருக்கின்றனர். ஜெரமி சோல் என்பார் இசையமைத்த முகப்புப் பாடல் அம்மொழியிலேயே பாடப்படுகின்றது. முப்பது பேர் பாடியதை மும்முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தொண்ணூறு குரலாக ஒலிக்கச் செய்தனராம். அதைக் கேட்டு மயிர்க்கூச்செறியாதவர் அரியர்.

நான்காவது, பார்தர்நாக்ஸ் என்னும் கிழநாகத்தின் பாத்திரம். ஆல்டுயினுக்குத் துணைநின்று ஒரு காலத்தில் மனிதரைக் கொடுமை செய்தவன் இவன். பின்னர் மனம் மாறி, மலையுச்சியில் நெடுங்காலம் தன்னையே அடக்கி வாழ்கின்றான். பிறவியிலேயே நல்லவனாயிருப்பது மேலா, தீய இயல்பைப் பெருமுயற்சியால் வெல்வது மேலா என்ற பொருள்பட அவன் கேட்கும் கேள்வியைக் கேட்டு நான் கைப்பொறியைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் எண்ணமிட்டேன். நல்ல இலக்கியம் செய்யும் வேலையும் இதுவன்றோ!

நிற்க. குணத்தையும் குற்றத்தையும் ஒருங்கே ஆராய்ந்து, மிகுந்து நிற்பதைக் கொள்ளுமாறு வள்ளுவர் நமக்குக் கற்பித்திருக்கின்றார். இனிக் குற்றத்தின் பக்கம் வருவோம்.

குறைகள்

வெளிவந்த காலத்தில் இவ்வாட்டத்திற் பல பழுதுகள் மலிந்திருந்தன. பிளேஸ்டேஷன் 3 என்னும் பொறியில் ஆட்டம் நீள நீளத் தடுமாறி நின்றது. திருத்தம் ஒன்று வந்தபின் நாகங்கள் பின்னோக்கிப் பறந்தன. ஒரே சரக்கை 2016, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் புதுப் பெயரிலும் புதுப் பொறிகளிலும் மீண்டும் மீண்டும் விற்றார்கள். விடப்பட்ட பழுதுகளில் மிகப் பலவற்றை ஆடுவோரே கூலி பெறாது திருத்தி யாவர்க்கும் இலவசமாய் வழங்கினர் என்பது பாராட்டத்தக்கது. அவ்வாறு ஆடுவோர் செய்த ஆக்கங்களுக்கு 2015 ஏப்ரலில் விலை வைக்க முற்பட்டபோது எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அம்முயற்சி கைவிடப்பட்டது. இவையெல்லாம் வணிகக் குறைகள். கலைக்குறை இவற்றினும் ஆழமானது.

ஆடுவோன் செய்யும் செயல் எதுவும் அவ்வுலகில் தழும்பை உண்டாக்குவதில்லை. இதுவே என் முதன்மையான குற்றச்சாட்டு.

மந்திரக் கல்லூரியில் மிகச் சில மந்திரங்களே அறிந்தவன் சில வேலைகளை முடித்துத் தலைமை ஆசானாகிவிடுகின்றான். அவனே போர்வீரர் கூட்டத்திற்குத் தலைவன். அவனே திருடர் கூட்டத்திற்கும் தலைவன். கூலிக்குக் கொலைசெய்யும் கூட்டத்திலும் அவனுக்கே முதலிடம். ஒரு பதவி மற்றொன்றைத் தடுப்பதில்லை. எவரும் ஏனென்று கேட்பதில்லை. உலகையே அழிக்கவந்த ஆல்டுயினைக் கொன்று திரும்பினாலும் ஊர்வாயில் காவலன் தன் முழங்காலில் அம்பு பாய்ந்த பழங்கதையைத்தான் சொல்லிக்கொண்டு நிற்கின்றான். எதையும் ஆகலாம் என்றால் எதுவாக ஆவதற்கும் மதிப்பில்லை.

பார்தர்நாக்ஸின் செய்தியிலும் இதே ஊனம். பழைய குற்றத்திற்காக அவனைக் கொல்லவேண்டும் என்று நம் கூட்டாளிகள் வற்புறுத்துகின்றனர். கொன்றால் அவர்கள் நட்பு நீடிக்கும். மறுத்தால் உதவி நின்றுவிடும். திருந்தியவனுக்காக அவர்களிடம் வாதாடி மனத்தை மாற்றலாம் என்றால் அதற்கு ஆட்டத்தில் வாயே கொடுக்கப்படவில்லை. அவ்வளவு பெரிய கேள்வியை எழுப்பிய ஆசிரியர்கள், விடைசொல்ல வந்த நம் வாயைக் கட்டிவிட்டார்கள்.

இன்னொரு முரண்பாடும் காண்க. பயிற்சியால் எவனும் எதையும் கற்கலாம் என்பது ஆட்டத்தின் இயல்பு. ஆனால் கதையின் நாயகன் நாயகனாவது பிறப்பினால்! மடத்துத் துறவியர் பல்லாண்டு முயன்று கற்கும் ஆற்றற் சொற்கள், நாக ஆன்மாவோடு பிறந்தவனுக்கு நொடியில் வருகின்றன. ஒரு கையால் உழைப்பை உயர்த்தி மறு கையால் பிறப்பை முடிசூட்டுகின்றது இக்கதை. பிறப்பினால் உயர்வு என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நமக்கு இது புளித்த பழங்கஞ்சியே.

விளையாட்டு மகிழ்விக்கத்தானே வந்தது. இவ்வளவு பெரிய உலகில் ஒவ்வொரு செயலுக்கும் விளைவு காட்டுவது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்பர். நடக்கிற காரியமே. இதே நிறுவனத்தார் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மாரோவிண்ட்’ ஆட்டத்தில், ஒரு சங்கத்தில் மேற்பதவி பெற உரிய திறமைகள் இன்றியமையாதவை. கதைக்கு வேண்டிய ஒருவரைக் கொன்றால், விதியின் இழை அறுந்தது என்று ஆட்டமே அறிவிக்கும். அந்தக் கெட்டுப்போன உலகிலேயே தொடர விரும்பினால் தொடரலாம். ஒன்பது ஆண்டிற்குமுன் தெரிந்திருந்த கலையை 2011இல் கைவிட்டது இயலாமையால் அன்று. ஆடுவோன் எவ்விடத்தும் தடைப்படலாகாது, எதையும் இழக்கலாகாது என்ற எண்ணத்தால் என்றே கருதுகின்றேன்.

துறைமுகத்துத் தொழிலாளர்

இனி, என் உள்ளத்தைத் தொட்ட இடத்தைச் சொல்கின்றேன். விண்ட்ஹெல்ம் என்பது கலகத் தலைவன் உல்பிரிக் ஆளும் பழைய நகரம். அதன் வாயிலில் நுழைந்தவுடன், அகதியாக வந்த டன்மர் இனப் பெண்ணொருத்தியை நார்டுகள் இருவர் மிரட்டுவதைக் காண்கின்றோம். டன்மர்கள் நகரின் ஒரு மூலையில், சாம்பற் பேட்டை என்னும் இடிந்த பகுதியில் ஒதுங்கி வாழ்கின்றனர். பல்லியுருக் கொண்ட ஆர்கோனியர்க்கு அதுவும் இல்லை. மதிலுக்குள் வாழவே அவர்களுக்கு உரிமையில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து, அங்கேயே ஒரு விடுதியில் உறங்குகின்றனர். நார்டுகளுக்குக் கிடைக்கும் கூலியில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைக்கின்றது. ஊரென்றும் சேரியென்றும் இரண்டாகப் பிளந்த வாழ்வை முன்னோர் வாயிலாகக் கேட்டறிந்த நமக்கு இக்காட்சிக்கு உரை வேண்டா. இதனைத் துணிந்து காட்டிய ஆசிரியரை நான் மனமார வாழ்த்துகின்றேன்.

அத்தொழிலாளருள் ஒருவர் நம்மிடம் தம் குறையைச் சொல்கின்றார். முதலாளியிடம் சென்று நியாயக் கூலி கேட்கச் சொல்கின்றார். நாம் சென்று நயமாகப் பேசியோ, அச்சுறுத்தியோ, கையில் பணம் வைத்தோ இணங்கச் செய்யலாம். முதலாளி சரி என்கின்றார். வேலை முடிந்ததென்று திரையில் எழுத்து வருகின்றது. அவ்வளவே!

மறுநாள் இரவு என் தமையன் மகன் மீண்டும் அத்துறைமுகத்திற்குப் போனான். “சித்தப்பா, கூலி கூடியதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லையே?” என்றான். அதே மதில், அதே விடுதி, அதே மூட்டை. பின்னர்ப் பேரரசின் பக்கம் நின்று போரை வென்றோம். உல்பிரிக் மாண்டான், டன்மருக்கும் ஆர்கோனியருக்கும் பரிந்து பேசும் புருன்வுல்ப் என்னும் நல்லவர் நகர்த்தலைவரானார். ஓடிப்போய்ப் பார்த்தோம். மதிலுக்கு வெளியேதான் அவர்கள் இருந்தார்கள்.

இதனினும் வியப்பானது வேறொன்று. நாமே ஆர்கோனியராக வேடம் பூண்டு ஆடலாம். அவ்வாறு ஆடினால் விண்ட்ஹெல்மின் வாயிலில் நம்மைத் தடுப்பார் இல்லை. மதிலுக்குள் செல்கின்றோம், சத்திரத்தில் தங்குகின்றோம், போருக்குப்பின் நகரின் நடுவே மாளிகையே வாங்கலாம். நம் இனத்தார் வெளியே குளிரில் மூட்டை சுமக்க, நாம் உள்ளே அடுப்பருகில் அமர்ந்திருக்கின்றோம். சட்டம் எல்லாரையும் கட்டுகின்றது. ஆடுவோன் ஒருவனைத்தான் கட்டுவதில்லை. அநீதி அங்கே மலையும் பனியும் போல ஒரு காட்சிப்பொருளாகிவிடுகின்றது. வாயிலில் தடுக்கப்படாதவன் வாயிலைக் காண்பதில்லை. திறந்த உலகம் என்று பெயர். யாருக்குத் திறந்த உலகம்?

இதை நான் குற்றமாக எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இப்பொழுது எங்கள் செக்ரோலில் உள்ள பெயர்களிற் பல, கடல்கடந்து ஒப்பந்தத்தில் வந்தோருடையவை. அவர்களுடைய லயம் தோட்டத்தின் கடைக்கோடியில், செம்பனை வரிசைகளுக்கு அப்பால் இருக்கின்றது. ஒன்பது ஆண்டுகளாக அவர்கள் பெயரை எழுதிவந்த நான் ஒருமுறையேனும் அவ்விடம் சென்றதில்லை என்பது அக்கணமே உறைத்தது. என் பூட்டனாரும் கப்பலேறி வந்து, எவனோ ஒரு கிராணி கூப்பிட்ட பெயருக்குக் குரல் கொடுத்தவர்தாம். அன்று மாலை அங்கே போனேன். தேநீர் கொடுத்தார்கள். ஓர் இளைஞர் தம் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டி, பிடித்தம் என்ற இடத்தில் இருந்த எண் எதற்கென்று கேட்டார். சீட்டை எழுதியவன் நான். அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியிருந்தேன். விளக்கிச் சொன்னேன். அதனால் உலகம் மாறிவிடவில்லை. திரையில் எழுத்தும் வரவில்லை. இரண்டாம் முறையும் போகவேண்டும், மூன்றாம் முறையும் போகவேண்டும் என்பது மட்டும் விளங்கிற்று. ஸ்கைரிம் கற்றுக்கொடுக்கத் தவறியது அந்த இரண்டாம் வருகையைத்தான்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் முறையன்று. அத்துறைமுகத்தை அவ்வாட்டம் எனக்குக் காட்டியிராவிட்டால், நான் அந்த லயத்திற்குப் போயிருக்கமாட்டேன். ஆட்டம் பாதியில் விட்ட வாக்கியத்தை ஆடுவோன் முடித்துக்கொள்ள இடமிருக்கின்றது. இதனைக் குணத்தின் கணக்கில் எழுதுவதா, குற்றத்தின் கணக்கில் எழுதுவதா? கணக்கனாகிய எனக்கே விளங்கவில்லை.

முடிவுரை

நிலத்தைப் படைப்பதில் ஸ்கைரிம் பெருங்காவியத்தின் நிலையை எட்டுகின்றது. விளைவைப் படைப்பதில் சிறுபிள்ளைக் கதையின் அளவில் நின்றுவிடுகின்றது. மலையும் ஆறும் இசையும் நூலும் அங்கே உயிரோடிருக்கின்றன. மக்களோ நாம் பார்க்கும்போது மட்டும் வாழ்கின்றனர். நிறுத்துப் பார்த்தால் குணமே மிகும் என்பது என் தீர்ப்பு. ஆனால் குற்றமும் சிறிதன்று. இனி வரும் ஆட்டங்கள் திருத்திக்கொள்ளவேண்டிய குற்றம்.

பெற்றோர்க்கு ஒரு சொல்: பிள்ளை ஆடுவதைக் கண்டால் உடனே விளக்கை அணைக்கவேண்டா. அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அமருங்கள். யாருடைய கதை இது, யார் மதிலுக்கு வெளியே நிற்கின்றனர் என்று கேளுங்கள். இளைஞர்க்கு ஒரு சொல்: எத்தனை நாகங்களைக் கொன்றாய் என்று உன் தோழன் கேட்பான். கூலி கூடியதா என்று நீ கேள். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் ஒருநாள் தன் மொழியில் தானே ஓர் ஆட்டத்தைப் படைப்பான்; அதில் வாயிலில் தடுக்கப்படுபவனும் நாயகனாக இருப்பான்.